நாலு குத்து ஊசிக்காரர்

தருமபுரி தாலுகாவில் சிறுத்தையைக் கண்டு ஓடியவர்களைவிட எங்கள் ஊசிக்காரரைக் கண்டு ஓடியவர்கள்தான் அதிகம். சிறுத்தையாவது வத்தல்மலையோடு நின்றுகொள்ளும். இவர் நல்லம்பள்ளி, இண்டூர், மொரப்பூர் என்று ஊர் பாக்கியில்லாமல் சைக்கிளில் வந்துவிடுவார்.

அம்மை குத்துவது அவர் உத்தியோகம். காக்கிச் சட்டை, தோளில் தோல் பை, பைக்குள் அம்மைப்பால் குழாய்களும் ஊசியும் ஒரு முழ நீளப் பதிவுப் புத்தகமும். அவருடைய சைக்கிள் மணி ஊர் எல்லையில் கேட்டால் போதும், தெருவில் ஒரு பிள்ளை இருக்காது. வைக்கோல் போர், பரண், மாட்டுத் தொட்டி என்று அவரவருக்குக் கிடைத்த இடத்தில் பதுங்கிக்கொள்வார்கள். நானே ஐந்து வயதில் எருமைத் தொட்டிக்குள் படுத்திருந்து, அவர் கையால் கால் பிடித்து வெளியே இழுக்கப்பட்டவன்.

இடக் கையில் இரண்டு, வலக் கையில் இரண்டு, ஆக நாலு குத்து. எதற்கு நாலு என்று கேட்டால், "நாலு குத்துனா ஒண்ணாச்சும் புடிக்கும்" என்பார். அதோடு விடமாட்டார். எட்டாம் நாள் திரும்ப வந்து கையைப் பார்ப்பார். குத்திய இடம் பழுத்திருந்தால் 'பிடித்தது' என்று புத்தகத்தில் எழுதிக்கொள்வார். பழுக்காவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பம். எட்டாம் நாள் மழை பெய்தாலும் வருவார், மாரியம்மன் பண்டிகை என்றாலும் வருவார்.

இப்படிப்பட்ட மனிதர் மேல்தான் ஒரு பஸ் மோதியது. பஸ்ஸுக்குப் போதாத காலம் என்றுதான் சொல்லவேண்டும்.

அது யுத்த காலம். பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்து, பஸ்களெல்லாம் பின்புறம் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு புகை கக்கியபடி ஓடின. சந்தை நாளன்று நாலு ரோட்டில் ஊசிக்காரர் கையை நீட்டிக் காட்டிவிட்டு வலப்பக்கம் திரும்பியிருக்கிறார். இண்டூர் பஸ் நிற்காமல் வந்து அவரை அடித்துத் தள்ளிவிட்டு, நிற்காமலே போய்விட்டது. சைக்கிளின் முன் சக்கரம் அப்பளமாகிவிட்டது. அவருக்கு இடது முழங்கால் உடைந்தது.

மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது கால் மடங்கவில்லை. அதைவிடப் பெரிய அடி ஆபீசில் காத்திருந்தது. பஸ் முதலாளி சொன்னதைக் கேட்டு, 'தன் அஜாக்கிரதையால் விழுந்தார்' என்று அவருடைய பைலில் எழுதிவிட்டார்கள். அந்த வரி நின்றால், வேலைக்கு லாயக்கற்றவர் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்னும் ஐந்து வருஷ சர்வீஸ் இருந்தது. கோர்ட்டில் வழக்கு தீரும்வரை கிட்டத்து ஊர்களை மட்டும் பார்க்கச் சொல்லி, அதுவரை பைலை மூடாமல் வைத்திருக்கச் சம்மதித்தார்கள்.

நான் அப்போது ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எங்கள் வக்கீல் கோர்ட்டில் வாயைத் திறந்தால் கூரையில் இருக்கும் புறா பறக்கும். ஆனால் ஊசி என்றால் ஆள் வெலவெலத்துவிடுவார். இது எனக்கும் அவருடைய சம்சாரத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

ஊசிக்காரர் கம்பை ஊன்றி உள்ளே வந்தார். பின்னால் ஒரு ஆள் நொறுங்கின சைக்கிளைத் தூக்கி வந்து சுவரோரம் சாத்தினான்.

"வாங்க. என்னா விசயங்க?" என்றார் வக்கீல்.

"சொல்றனுங்க. மொதல்ல சட்டையக் கழட்டுங்க. மறு குத்துக்கு உங்க பேரு ரெண்டு வருசமாப் பாக்கி நிக்குது. ஆள் போனா நீங்க வூட்ல இல்லைன்னு உங்க சம்சாரம் சொல்றாங்களாம்."

"நீங்க கேசு விசயமா வந்தீங்களா, இதுக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்குந்தான். குத்தாத வக்கீல நம்பி கேசக் குடுத்துட்டு, நடுவுல உங்களுக்கு அம்மை போட்டுட்டா நான் எங்க போறது?"

எங்கள் வக்கீல் சட்டையைக் கழற்றினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பயம் தெரியாமலிருக்கச் சட்டம் பேச ஆரம்பித்தார்.

"உங்களுக்கு வழி நாலு இருக்குது. மொத வழி போலீசு. கண்ணுமண்ணு தெரியாம ஓட்டுனான்னு மாஜிஸ்திரேட் கோர்ட்ல டிரைவர் மேல கேசு. அப்பா, பாத்துக் குத்துங்க."

"ஒண்ணு ஆச்சுங்க. ரெண்டாவது?"

"பஸ்ஸுக்கு லைசென்ஸ் குடுக்கற அதிகாரிக்கு மனு. மூணாவது... கொஞ்சம் இருங்க... மூணாவது, மொதலாளிக்கு நோட்டீசு உடறது. பயந்தா ராஜிக்கு வருவாரு. நாலாவது, முன்சீப் கோர்ட்ல நஷ்டஈட்டுக்கு தாவா. அது மட்டும் அடிபட்ட ஒரு வருசத்துக்குள்ள போட்டாவணும். ஒரு நாளு தவறுனாலும் கதவச் சாத்திருவாங்க."

"நாலும் ஆச்சுங்க. கண்ணத் தொறங்க."

வக்கீல் கண்ணைத் திறந்து இரண்டு கையையும் பார்த்துக்கொண்டார். "இதுல எது போடலாம்னு நீங்களே சொல்லுங்க."

ஊசிக்காரர் ஊசியைத் துடைத்துப் பையில் வைத்தார். "நாலும் போடுங்க. ஒண்ணாச்சும் புடிக்கும்."

விட்டகுறை வேண்டாமென்று போகிற போக்கில் எனக்கும் நாலு குத்திவிட்டுத்தான் போனார். சைக்கிளை ரிப்பேர் செய்யக்கூடாது, அது ஆதாரம் என்று வக்கீல் சொல்லிவைத்ததால், அது எங்கள் ஆபீசிலேயே நின்றது. கட்சிக்காரர்கள் அதில் குடையும் துண்டும் மாட்டப் பழகிவிட்டார்கள்.

விபத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இருவர். ஒருவர் ஜட்கா வண்டிக்காரர், இன்னொருவர் பொரி விற்கிற அம்மாள். சாட்சிகளையும் ஊசிக்காரர் தன் தொழில் முறைப்படியே நடத்தினார். எட்டு நாளைக்கு ஒருமுறை போய், சொன்னது மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்.

"எத்தன தடவதான் சொல்றதுங்க?" என்று வண்டிக்காரர் அலுத்துக்கொள்வார். "பஸ்ஸு நிக்கல. நீங்க கை காட்டுனீங்க. பஸ்ஸு நிக்கல. போதுங்களா?"

"போதும். அடுத்த எட்டாம் நாளு வரன்."

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் கூண்டேறியதும் அதே வண்டிக்காரர், "நான் குதிரையப் பாத்துக்கிட்டு இருந்தனுங்க" என்று சொல்லிவிட்டார். முந்தின நாள் பஸ் முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். பொரிக்கார அம்மாள் ஒருத்தி சொன்னது எடுபடவில்லை. போலீஸ் கேஸ் தள்ளுபடி ஆயிற்று.

அதிகாரிக்குப் போட்ட மனு போன இடம் தெரியவில்லை. முதலாளிக்கு விட்ட நோட்டீசுக்கு மட்டும் அழகான பதில் வந்தது. 'நின்றுகொண்டிருந்த எங்கள் பஸ்ஸின்மேல் தங்கள் கட்சிக்காரர்தான் வந்து மோதினார், அதனால் பஸ்ஸின் வர்ணம் கெட்டுப்போயிற்று' என்று எழுதியிருந்தார்கள். நான் படித்துக் காட்டியபோது ஊசிக்காரர் கோபப்படவில்லை. மூன்று விரலை மடக்கிவிட்டு நாலாவது விரலைக் காட்டினார்.

ஒரு வருஷம் முடியப் பதினோரு நாள் இருக்கும்போது முன்சீப் கோர்ட்டில் தாவா தாக்கலாயிற்று. பிராது எழுதினவன் நான்தான். அவருடைய பெயரை அதில் பத்து இடத்திலாவது எழுதியிருப்பேன். இருந்தும் எனக்கு இன்றுவரை அவர் ஊசிக்காரர்தான்.

"இதும் போச்சுன்னா அவ்வளவுதாங்க" என்றார் வக்கீல். "பொரிக்கார அம்மாவ விட்டா சாட்சிக்கு யாரு இருக்கா?"

"பஸ் ஓட்டுன டிரைவரையே கூப்பிடுங்க."

"நல்லாருக்குதே. எதிரி ஆளப் போயி நம்ம சாட்சியாப் போடறதா?"

"பிரதிவாதியாப் போட்டா அவன் தலையக் காப்பாத்திக்கப் பொய் சொல்லித்தான் ஆவணும். அதுக்குத்தான் மொதலாளி மேல மட்டும் போடச் சொன்னன். சாட்சின்னா நெசத்தச் சொல்ல அவனுக்கு ஒரு வழி இருக்குது பாருங்க."

டிரைவருக்கு இண்டூர். சாட்சி சம்மனை எடுத்துக்கொண்டு கோர்ட் அமீனா மூன்று தடவை போய், மூன்று தடவையும் ஆள் இல்லை என்று திரும்பினார். கேஸ் முடிகிறவரை தலையைக் காட்டாதே என்று முதலாளி சொல்லிவைத்திருப்பது எல்லாருக்கும் தெரியும். நாலாவது தடவை அமீனாவோடு ஊசிக்காரர் புறப்பட்டார். வேடிக்கை பார்க்க நானும் ஜட்காவில் தொற்றிக்கொண்டேன்.

டிரைவருடைய சம்சாரம் வாசலிலேயே மறித்தாள். "அவரு பெங்களூரு போயி மாசமாவுதுங்க. எப்ப வருவாருன்னு தெரியாதுங்க."

அமீனா நாலாவது தடவையாக 'ஆள் இல்லை' என்று எழுதப் பென்சிலை எடுத்தார். ஊசிக்காரர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கதவு வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ராகி கொட்டிவைக்கிற தொம்பை ஒன்று ஆள் உயரத்துக்கு நின்றது. அதன் மூடி ஒரு பக்கம் சாய்ந்து, நாலு விரல் இடைவெளி விட்டிருந்தது.

"ராகிக்கு எதுக்கும்மா காத்து?" என்று கேட்டார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் நமக்கெல்லாம் தெரியும். முப்பது வருஷமாகப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்த மனிதருக்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை. தொம்பைக்குள்ளிருந்து ஒரு தும்மல் கேட்டது. பிறகு மூடி தூக்கப்பட்டு, தலைமுதல் ராகித் தூசியோடு டிரைவர் எழுந்து நின்றான். அமீனா சம்மனை அவன் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

"இதே தொம்பைதான்" என்றார் ஊசிக்காரர். "உனக்கு நாலு வயசு இருக்கும். உங்க ஆத்தா இதுக்குள்ளதான் உன்னப் போட்டு மூடி வெச்சிருந்தா. அன்னிக்கும் தும்மித்தான் மாட்டிக்கிட்ட."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். ஊசிக்காரர் பதிவுப் புத்தகத்தைப் புரட்டி, "ஒரு கொழந்த இருக்குதே, ஆறு மாசம். இன்னும் குத்தலையே" என்றார். குழந்தை எங்கே என்று கேட்கவில்லை. நேரே போய், மூலையில் கவிழ்த்திருந்த கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கினார். உள்ளே குழந்தை பழந்துணியில் படுத்துக் கை சூப்பிக்கொண்டிருந்தது. குத்துவதற்கு முன் அதன் மூக்கைத் துடைத்துவிட்டு, தானும் கூடச் சேர்ந்து அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டார். நாலு குத்து முடிந்தது.

"எட்டாம் நாளு வரன்" என்று சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டு கிளம்பினார்.

எட்டாம் நாள் நானும் கூடப் போனேன். இன்றைக்கு டிரைவரை உட்காரவைத்துச் சாட்சி சொல்லப் பழக்குவார் என்று நினைத்தேன். அவர் குழந்தையின் கையைப் பார்த்தார். 'பிடித்தது' என்று எழுதினார். கம்பை எடுத்துக்கொண்டார்.

"கேசு விசயம் ஒண்ணும் கேக்கலீங்களா?" என்றான் டிரைவர்.

"நான் கொழந்தயப் பாக்க வந்தன்" என்றார்.

திரும்பும்போது எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உத்தியோகமே அந்த ஒருவன் வாயில் தொங்குகிறது, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்றேன். "சொல்லிக் குடுத்தா, கடைசியா யாரு சொல்லிக் குடுத்தாங்களோ அதத்தான் சொல்லுவான். வண்டிக்காரருகிட்ட பாத்தமில்ல?" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நாளன்று டிரைவர் கூண்டில் ஏறினான். பஸ் நின்றுகொண்டிருந்ததா என்று எங்கள் வக்கீல் கேட்டார். எதிரே முதலாளி அவனையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிரைவர் முன்சீப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நிக்கலீங்க" என்றான். "ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஐயா கை காட்டுனதப் பாத்தன். கரி பஸ்ஸுங்க, நிறுத்துனா அடுப்பு அமிஞ்சு போயிரும். மறுபடி ஊதிக் கெளப்ப அரமணி ஆவும். நாலு ரோட்டுல நிறுத்தவே கூடாதுன்னு மொதலாளி உத்தரவு. அவரு ஒதுங்கிருவாருன்னு நெனச்சிட்டனுங்க."

எதிர் வக்கீல் துள்ளி எழுந்தார். "இவர் உன் வீட்டுக்கு வந்து இப்படிச் சொல்லச் சொன்னாரா இல்லையா?"

"வந்தாருங்க. ரெண்டு தடவ வந்தாரு. எங் கொழந்த கையத்தான் பாத்தாரு."

தீர்ப்பில் முன்சீப் நஷ்டஈட்டுக்கு உத்தரவிட்டு, சைக்கிள்காரர் பேரில் அஜாக்கிரதை ஏதும் இல்லை என்று எழுதினார். அந்த நகலைக் கையில் வாங்கியதும் ஊசிக்காரர் எங்கள் ஆபீசிலேயே பதிவுப் புத்தகத்தை விரித்தார். கடைசிப் பக்கத்தில் தன் பெயரை எழுதி, நாலு குத்து என்று எழுதி, அதற்கு எதிரே 'பிடித்தது' என்று எழுதிக்கொண்டார். அவருடைய ஆபீசும் அந்த நகலைப் பார்த்து, பைலிலிருந்த வரியை அடித்துவிட்டது.

முதலாளி அன்று சாயங்காலமே டிரைவரை வேலையிலிருந்து நிறுத்தினார். ஊசிக்காரருக்கு உத்தியோகம் நிலைத்தது, முழங்கால் மட்டும் மடங்கவேயில்லை. அந்தக் காலோடு எப்படி ஊர் ஊராகப் போவார் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் டிரைவர் வந்து, சுவரோரம் நின்ற சைக்கிளிலிருந்து குடைகளை எடுத்து வைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு போனான்.

அடுத்த சந்தை நாளில் நாலு ரோடே வேடிக்கை பார்த்தது. புதுச் சக்கரம் மாட்டிய சைக்கிளை டிரைவர் மிதித்து வருகிறான். பின்னால் கேரியரில் ஊசிக்காரர் மடங்காத காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"நாலு ரோடு வருது. நிறுத்து."

"நிறுத்தறனுங்க."

"ரெண்டு பக்கமும் பாரு."

"பாத்துட்டனுங்க."

வேறு ஒரு பஸ்ஸில் வேலை கிடைக்கும்வரை, ஒரு வருஷத்துக்கும் மேலாக அவன்தான் அவரைச் சுமந்து ஊர் ஊராகப் போனான். எங்கெங்கே ஒளியலாம் என்பது அவனுக்கும் தெரிந்திருந்ததால், பிள்ளைகள் பாடு இன்னும் திண்டாட்டமாகிவிட்டது.

ஐந்து வருஷம் முழுசாக முடித்து அவர் ரிடையரானார். அதற்கப்புறம் என் மகளுக்கு அம்மை குத்தினது புதிதாக வந்த ஒருவர். குத்திவிட்டுப் போனவர் எட்டாம் நாள் வரவில்லை. அன்று சாயங்காலம் இண்டூர் போகிற பஸ் ஒன்று, ஸ்டாப்பே இல்லாத எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அதே டிரைவர் இறங்கிக் கைகொடுக்க, ஊசிக்காரர் கம்பை ஊன்றி மெதுவாக இறங்கினார்.

"இன்னிக்கி எட்டாம் நாளில்ல?" என்றார். "அந்தப் புது ஆளு வந்திருக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்."

என் மகள் அலறிக்கொண்டு அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். நான்தான் அவளைத் தூக்கி வந்து கையைக் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திப் பார்த்துவிட்டு, "புடிச்சிருக்குது" என்று தலையை ஆட்டினார். பஸ்ஸில் ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று காப்பிகூட வேண்டாமென்றுவிட்டார்.

பஸ் புழுதி அடங்கின பிறகும் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சின்ன வயதில் யாரைக் கண்டு ஓடி ஒளிந்தேனோ, அவர் அடுத்த எட்டாம் நாளும் வந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.