எட்டு நிலா நாட்டிலிருந்து விலகிக்கொள்ளும் விஷயமாக

ஆம்பூர்,
ஞாயிறு காலை.

மரியாதைக்குரிய பதிப்பாசிரியர் ஷர்மிளா அம்மையாருக்கு, ஷூ கம்பெனி தையல் பிரிவு சூப்பர்வைசரும் தங்கள் தயவால் நாவலாசிரியருமான கோதண்டராமன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் வீட்டாரும் சுகம். தாங்களும், அட்டைப்படம் வரையும் அந்தத் தம்பியும் சுகமாக இருக்கவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். 'எட்டு நிலா நாடு' மூன்றாம் பாகத்தை நான் எழுதுவதாக இல்லை. கோபத்தில் எடுத்த முடிவு என்று நினைக்கவேண்டாம். கோபம் போன வாரமே தீர்ந்துவிட்டது.

முதல் பாகம் எழுதும்போது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? ஒரு நிலா போதவில்லை என்று எட்டு வைத்தேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தளபதி கொடுவாளனின் இடது கையை வெட்டினேன். கடைசி அத்தியாயத்தில் தலையையும் வெட்டினேன். கதை முடிந்தது, நிம்மதியாகத் தூங்கலாம் என்ற எண்ணம்தான். இரண்டாம் பாகம் ஒன்று வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நீங்கள்தான் போன் செய்து, அடுத்தது எப்போது என்று வாசகர்கள் கேட்பதாகச் சொன்னீர்கள். நானும் மூன்று வருடம் கழித்து, நான் எழுதியதுதானே, எனக்குத் தெரியாதா என்று முதல் பாகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டாவதை எழுதிக் கொடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புத்தகம் வந்ததும், பெருமைக்கு ஒரு பிரதியை ஃபைனல் செக்கிங்கில் இருக்கும் சகீனாவிடம் கொடுத்தேன். பெட்டிக்குள் போகும் முன் இடது ஷூவையும் வலது ஷூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நிறம் ஒன்றா, தையல் ஒன்றா, உயரம் ஒன்றா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. குறை உள்ள இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவார். பதினாறு வருடப் பழக்கம். கையில் இரண்டு பொருள் கிடைத்தால் ஜோடி பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. முதல் பாகத்தை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார் போலிருக்கிறது. பத்து நாளில் என் இரண்டாம் பாகம் திரும்பி வந்தது. உள்ளே நாற்பத்தொரு அம்பு.

ராணி வெண்கோதையின் கண் முதல் பாகத்தில் பச்சையாம், இரண்டில் கறுப்பாம். ஒற்றைக் கையோடு செத்த தளபதி, ராணியின் கனவில் வந்து இரண்டு கையையும் கூப்பிக் கும்பிடுகிறானாம். கனவுதானே என்று வாதாடிப் பார்த்தேன். செத்தால் கை முளைக்குமா என்று கேட்டுவிட்டார். பதினேழாம் பக்கத்தில் ஒற்றர்கள் கும்மிருட்டில் மதில் ஏறுகிறார்கள், அங்கே மட்டும் மூன்று அம்பு. "எட்டு நிலா வச்சிக்கினு இருட்டு எங்கேர்ந்து சார் வந்துச்சு?" என்றார். எட்டுக்கும் ஒரே நாளில் அமாவாசை என்று நான் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை.

செய்தி கட்டிங் பிரிவுக்குப் போயிற்று. அங்கே மாஸ்டர் சத்தார் பாய். முதல் பாகத்தில் ஒரு பறக்கும் முதலையைக் கொன்று, அதன் தோலில் முந்நூறு வீரர்களுக்குக் கவசம் செய்வதாக எழுதியிருந்தேன். பாய் தோலை வெறும் கையால் தடவியே இத்தனை சதுர அடி என்று சொல்கிற மனிதர். "இன்னா சார், ஒரு கவசத்துக்கு எட்டு அடின்னாகூட, வயித்துப் பக்கம் வேஸ்ட்டு போக மூவாயிரம் அடி தோல் வேணும். அம்மாம்பெரிய மிருகத்தோட பொண்டாட்டி, ரெண்டாம் பாகத்துல அந்தச் சின்னக் குகைக்குள்ள எப்படி பூந்துச்சு?" என்றார். என் கெட்ட காலம், கணக்கு சரியாக இருந்தது.

முதல் பாகத்தைத் திருத்திவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. எங்கள் தொழிலில், ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு சீல் வைத்த சாம்பிள் என்று ஒன்று உண்டு. அதற்கப்புறம் ஒரு லட்சம் ஜோடி போனாலும் அதே மாதிரிதான் போகவேண்டும். முதல் பாகத்தை ஜனங்கள் காசு கொடுத்து வாங்கிப் படித்துவிட்டார்கள், அதுதான் சீல் வைத்த சாம்பிள், இனி அதில் கை வைக்கக் கூடாது என்பது சகீனாவின் தீர்ப்பு. நீங்களோ மூன்றாம் பாகத்தில் தளபதியை உயிரோடு கொண்டுவரச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். சகீனாவிடம் மெல்லக் கேட்டுப் பார்த்தேன். "தலையே தனியா போயிடுச்சு சார். பிரிச்சு தெச்சாலும் இது ரீவொர்க்ல வராது" என்றார்.

மனம் விட்டுச் சொல்கிறேன் அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது. பேனாவைத் திறந்தால் கதை வருவதில்லை, அம்புதான் தெரிகிறது. லாயத்தில் ஒரு குதிரையைக் கட்டக்கூடத் துணிவில்லை, அது முதல் பாகத்திலேயே செத்துத் தொலைத்திருந்தால் என்ன செய்வது? இனி எழுதப்போவதில்லை என்று வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். யாராவது வருத்தப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சகீனா டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஆகவே என்னை விடுவித்து ஒரு வரி எழுதவும். வேறு யாரையாவது வைத்து எழுதிக்கொண்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

தங்கள் பதிப்பகத்துக்கு இன்னும் நூறு எழுத்தாளர்கள் கிடைக்கவும், அவர்கள் அனைவரும் ஒரே பாகத்தில் கதையை முடிக்கும் புத்தி உள்ளவர்களாக இருக்கவும் சோளிங்கர் மலை நரசிம்மரை வேண்டிக்கொள்ளும்,

கோதண்டராமன்.

பி.கு.: கவரை ஒட்டியாகிவிட்டது. பிரித்து எழுதுகிறேன். திங்கட்கிழமை சகீனா தன் மகளின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார். "நீங்க வுட்டுட்டீங்க. அதுக்காக கதை பாதியில நிக்கணுமா? நாங்களே எழுதிட்டோம்" என்றார். பன்னிரண்டு பக்கம். செக்கிங் மேசை முழுவதும் சேர்ந்து யோசித்ததாம். எங்கே தேடியும் ஒரு பிழை இல்லை. ஆனால் மூன்றாம் பக்கத்தில், தளபதியைக் காட்டிக்கொடுத்த அமைச்சனை ராணி வெண்கோதை கூப்பிட்டு, நடந்தது நடந்துபோச்சு, சாப்பிட்டுட்டுப் போங்கண்ணா என்கிறாள். அம்மா, ராணி அப்படிச் சொல்லமாட்டாள். அவளை எனக்கு ஆறு வருடமாகத் தெரியும். அந்த ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டாள். சாப்பிடாமல் சண்டை போட்டேன். அப்போ அவ இன்னா சொல்லுவான்னு நீங்களே எழுதிக் காட்டுங்க என்றார் சகீனா. இன்றைக்கு வியாழன், நாற்பது பக்கம் ஆகிவிட்டது. தளபதி செத்தவன் செத்தவனாகவே கிடக்கட்டும். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தை என் பெயருக்கே அனுப்பவும். தயவுசெய்து ராணியை வேறு யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்.