அக்கா கோவிச்சுக்கிட்ட மூலையில் மின்சாரம் குறைவு

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்கா அவர்களுக்கு, தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, என் மூட்டுவலி மூவரும் சௌக்கியம். அங்கே அத்தானும் அவருடைய குறட்டையும் சௌக்கியம் என்றே நம்புகிறேன்.

விஷயம் என்னவென்றால், நம் நிலத்தில் சோலார் பேனல் போட்ட கம்பெனியின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க நம் இருவர் கையெழுத்தும் வேண்டுமாம். உனக்குக் காகிதம் வரும். தயவுசெய்து கையெழுத்துப் போடாதே. மேலே கரண்டு, கீழே காய்கறி, ஒரே நிலத்தில் ரெண்டு வருமானம் என்று சொல்லித்தான் என்னை மயக்கினார்கள். நானும் தலையை ஆட்டினேன். அந்தத் தலையைத்தான் இப்போது தினமும் கம்பியில் இடித்துக்கொள்கிறேன். டிராக்டரைத் திருப்ப இடமில்லை. மழை பெஞ்சா பேனல் விளிம்புலேர்ந்து மொத்தத் தண்ணியும் ஒரே வரிசையில கொட்டுது; அந்த வரிசைக் கத்தரிச்செடி நீச்சலடிக்குது, அடுத்த வரிசை தொண்டை வறண்டு நிக்குது.

இதைவிடக் கூத்து ஒண்ணு இருக்கு. ஆரம்பத்துல விண்ணப்பத்துல ஒவ்வொரு பகுதிக்கும் பேர் கேட்டாங்க. சின்ன வயசுல நாம கூப்பிட்ட பேரையே நான் எழுதித் தொலைச்சேன். அப்பா வழுக்கின வரப்பு, மாடு மிரண்ட மேடு, அக்கா கோவிச்சுக்கிட்ட மூலை. அதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க! கண்ட்ரோல் ரூம் பொண்ணு போன் பண்ணி, "சார், மாடு மிரண்ட மேட்டுல தூசி படிஞ்சிருக்கு, துடைச்சு விடுங்க"ன்னு கூசாம சொல்லுது.

அந்தப் பேரைக் கேட்டா எனக்கு என்னவோ பண்ணுது அக்கா. முன்னெல்லாம் இந்த முனையில நின்னா அந்த முனையில அப்பாவோட தலைத்துண்டு தெரியும். நீ ஓடுவே, நான் துரத்துவேன், அம்மா களைக்கொத்தோட நம்ம ரெண்டு பேரையும் துரத்துவாங்க. இப்போ பத்தடிக்கு அப்பால தூணைத் தவிர ஒண்ணும் தெரியல. பழைய நிலத்தை ஒரு தடவையாவது முழுசாப் பார்க்கணும்போல இருக்கு. எல்லாத்தையும் கழட்டிட்டுப் போகச் சொல்லிடுவோம்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் போனைக் கீழே வைத்து, நன்றாகப் படித்து, தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தலையில் மூன்று புடைப்புகளுடன்,
உன் தம்பி.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள அந்தப் பொண்ணு போன் பண்ணிட்டா. "சார், அக்கா கோவிச்சுக்கிட்ட மூலையில காலையிலேர்ந்து உற்பத்தி கம்மி." போய்ப் பார்த்தா, பூசணிக்கொடி மேல ஏறி பேனலை மூடியிருக்கு. விலக்கிட்டேன். அதோட விட்டாளா? "ஆமா சார், அக்கா எதுக்குக் கோவிச்சுக்கிட்டாங்க?"ன்னா. இத்தனை வருஷத்துல அதை யாருமே கேட்டதில்ல. வாய் தானாத் திறந்துடுச்சு. அப்பா பார்த்துப் பார்த்து வளர்த்த மிளகாய் நாத்தைக் களைன்னு நினைச்சுப் பிடுங்கினது நான்தான், பழியை உன் மேல போட்டுட்டேன், நீ அடி வாங்கிட்டுப் பொழுது சாயற வரைக்கும் வெயில்ல அங்கேயே உக்காந்திருந்தே, எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்லிட்டேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாளாம், பாவி! இப்போ ஆபீஸுக்கே தெரியும், உனக்குத்தான் தெரியாது. "அக்காகிட்ட மன்னிப்பு கேட்டாச்சா சார்?"னு அங்கேர்ந்து யாரோ கேட்டாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

என்னை மன்னிச்சுடு அக்கா. காகிதம் வந்தா கையெழுத்துப் போட்டுடு. பேனலைக் கழட்டிட்டா அந்த மூலையைப் பத்தி விசாரிக்க நமக்கு வேற யாரு இருக்கா? நீ நேர்ல வந்து, அங்கேயே உக்காந்து என்னைத் திட்டு. இப்போ அங்க நல்ல நிழல்.