பேஸ்மெண்டில் தாராவைப் பார்த்து வந்த விவரம்

கோரமண்டல், கே.ஜி.எஃப்.
செவ்வாய்க்கிழமை

என் ஆசைத் தங்கை மகளும் வருங்கால எக்ஸ்ரே அதிகாரியுமான செல்வி தாராவுக்கு, உன் மாமா அசோகன் மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே நானும் வீடும் கொல்லையில் நீ வைத்த கறிவேப்பிலையும் சுகம். உன் சுகத்தைப் போனில் பாதி சொல்லும்போதே "டூட்டி மாமா" என்று வைத்துவிடுகிறாய். மீதிச் சுகத்தை அறியவே இந்தக் கடிதம். தினமும் ரயிலில் பெங்களூர் போய்வருகிற பக்கத்து வீட்டு ரூபேஷ் உன் ஹாஸ்டலில் சேர்ப்பான்.

முதலில் ஒன்றை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாம் நான் முன்னாலேயே சொன்னதுதான். நீ இந்தப் படம் எடுக்கிற படிப்புக்குத்தான் போவாய் என்று உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான். பால் பல் விழாத வயதிலேயே டார்ச் லைட்டை உள்ளங்கைக்குப் பின்னால் வைத்து, "மாமா, உள்ள செவப்பா கீது, எலும்பு எங்க?" என்று கேட்டாய். மீனைத் தட்டில் வைத்தால் சதையை எனக்குத் தள்ளிவிட்டு முள்ளை வரிசையாக அடுக்கிப் பார்ப்பாய். குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த உன் அம்மா பழனியம்மாவிடம் அன்றைக்கே, "இவ மனுஷனுக்குள்ள பூந்து பாக்கற படிப்பு படிப்பா, பாத்துக்கோ" என்றேன். அவள், "மொதல்ல அவளுக்கு வேளைக்குச் சோறு போடு" என்றாள். டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை என்று நீ அழுதபோதும் நான் கலங்கவில்லை. படம் இல்லாவிட்டால் டாக்டருக்குக் கண் இல்லை, அந்தக் கண்ணை எடுத்துக் கொடுக்கப் போகிறவள் நீ என்றேன். எட்டாவது வரை படித்தவன் சொன்னது பலித்ததா இல்லையா?

நீ போனதிலிருந்து வீட்டில் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. பக்கத்துப் பாலகாட்டிலிருந்தும், ஏன், பங்காருபேட்டையிலிருந்தும்கூட ஜனங்கள் எக்ஸ்ரே படத்தைக் கவரில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தாரா மாமா பார்த்துச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போவோம் என்கிறார்கள். நானும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சொல்லி அனுப்புகிறேன். எனக்கு இதில் கஷ்டமே இல்லை. நெஞ்சுப் படம் என்பது நம் தங்கச் சுரங்கத்து வரைபடம்தான். நடுவில் நேராக இறங்குவது ஷாஃப்ட். இரண்டு பக்கமும் லெவல் லெவலாகப் பிரிவது விலா. அடியில் வெளுப்பாக இருந்தால் தண்ணீர் ஏறிவிட்டது, பம்ப் வைக்க வேண்டும். போன வாரம் ரூபேஷின் அம்மா பார்வதம்மா ஒரு படத்தைக் கொண்டுவந்தாள். நான் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஷாஃப்ட் நல்லா கீது, கீழ் லெவல்லதான் கொஞ்சம் கல்லு சரிஞ்சிருக்கு. மூச்சு வாங்குதா?" என்றேன்.

"மூச்சு இன்னாத்துக்கு வாங்கும்? இது என் முட்டிண்ணா."

நான் விடவில்லை. "முட்டி வலியோட மாடி ஏறினா மூச்சு வாங்காதா?"

"நம்ம லைன் வீட்ல மாடி ஏதுண்ணா?" என்று படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். போகிற போக்கில், "பொண்ணு எப்ப வரா? டிவிகூட பேசினு கீறீங்க, சுவத்துக்கு இந்தாண்ட எங்களுக்குக் கேக்குது" என்று ஒரு பேச்சு வேறு. நான் டிவியோடு பேசுவதில்லை. செய்தி வாசிப்பவர் தப்பாகச் சொன்னால் திருத்துகிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். புத்த பூர்ணிமாவுக்கு வந்து விகாரில் என்னோடு விளக்கு ஏற்று என்று கேட்டதற்கு, "அன்னைக்கும் டூட்டி மாமா, எல்லா ஞாயித்துக்கெழமையும் டூட்டி" என்றாய். பாதி கே.ஜி.எஃப். விடிந்தால் பெங்களூருக்கு ரயிலேறுகிறது, பொழுது சாய்ந்தால் திரும்பி வருகிறது. பொங்கலுக்குப் பிறகு வராதது நீ ஒருத்திதான். ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் மேலே வராவிட்டால் சுரங்கத்துக்காரன் ஏணியில் இறங்குவான். நான் கோழிக்குழம்பும் கேழ்வரகுக் களியும் கேரியரில் கட்டிக்கொண்டு ரயிலேறினேன். யாருடைய மாமா என்று தெரிந்ததும் பெட்டியில் நாலு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி, "எந்த தாரா?" என்றான். "எக்ஸ்ரே தாரா" என்றேன். "கீழ, பேஸ்மெண்ட்" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உன் தாத்தா பூமிக்குக் கீழே, நான் பூமிக்குக் கீழே, பட்டம் வாங்கப் போகிற நீயும் பூமிக்குக் கீழே. உனக்கு ஏசி, அதுதான் வித்தியாசம். இறங்கிப் போய், வழி தெரியாமல் காந்தப் படம் ஒட்டியிருந்த ஒரு கதவைத் தள்ளினேன். ஓர் அட்டெண்டர் பாய்ந்து வந்து, "யோவ், ஸ்டீல் கேரியரோட எங்க போற? அது எம்ஆர்ஐ" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். அதற்குள் காந்தம் கேரியரைப் பார்த்துவிட்டது. கன்றைப் பார்த்த பசு மாதிரி இழுக்கிறது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் காந்தம், நடுவில் கோழி. கடைசியில் காந்தம்தான் விட்டுக்கொடுத்தது. என் பெல்ட் பக்கிள் மட்டும் இன்னும் கொஞ்சம் வடக்கே பார்க்கிறது.

பிறகுதான் உன்னைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈயக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறாய். ஒரு பெரியவரைப் பலகையில் நெஞ்சைச் சாய்த்து நிற்கவைத்து, தோளைத் தொட்டு நேராக்கி, "தாத்தா, மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க" என்று கன்னடத்தில் சொன்னாய். அவரோடு சேர்ந்து வராந்தாவில் இருந்த நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். நீ விடச் சொன்ன பிறகுதான் விட்டோம். "யாருங்க அது, டாக்டரா?" என்றாள் ஓர் அம்மாள். "டாக்டருக்கே வழி காட்டறவங்க. என் தங்கச்சி பொண்ணு" என்றேன். வரிசை முழுக்க எழுந்து நின்றது. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பாய். வேலை நேரத்தில் கூப்பிடுவது மரியாதை இல்லை என்று திரும்பிவிட்டேன். குழம்பு அந்த அட்டெண்டருக்குப் போயிற்று. பாராட்டினான்.

ஆகவே நீ டூட்டியைக் கவனி. பூர்ணிமா அன்று உன் பங்கு விளக்கையும் நானே ஏற்றிவிடுகிறேன். ஈயக் கோட்டு இல்லாமல் அந்த அறைக்குள் காலை வைக்காதே. பகவான் புத்தர் உன் புத்திக்கு வெளிச்சத்தையும், பாபாசாகேப் உன் படிப்புக்குத் துணையையும், உன் வார்டன் உனக்கு லீவையும் தருவார்களாக.

இப்படிக்கு,
உன்னை அவசரப்படுத்தாத மாமா,
அசோகன்

பி.கு.: கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, அது நானாகக் கட்டியது. எக்ஸ்ரே வாசலில் ஒரு பலகை இருந்தது. கதிர் எவ்வளவு பட்டது என்று பார்க்க நீங்கள் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ்கள் அதில் தொங்கின. உன் பெயர் போட்டதும் தொங்கியது. சுரங்கத்தில் ஷாஃப்ட் வாசல் பலகையில் ஒருவன் டோக்கன் தொங்கினால் அவன் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அவன் மேலே வந்து அதை எடுக்கும்வரை பலகை பார்க்கிறவன் வீட்டுக்குப் போக மாட்டான். நான் பலகை பார்த்தவன். அந்தப் பழக்கத்தில், நீ உள்ளேதான் இருக்கிறாய் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து நின்றேன். பொழுது சாய்கிற நேரத்தில் இசபெல்லா என்ற உங்கள் சீனியர் வந்து, "இன்னா அங்கிள், காலைலேருந்து உக்காந்துனு கீறீங்க?" என்றாள். "தாரா மேலே வரட்டும்மா, டோக்கன் இன்னும் தொங்குதே" என்றேன். அந்தப் பெண் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். பிறகு, "இங்க பேட்ஜ் தொங்கினா ஆள் உள்ள இல்லன்னு அர்த்தம் அங்கிள். ஸ்டூடண்ட்ஸுக்கு சண்டே டூட்டியே கெடையாது" என்றாள்.

அதனால் ஒன்றும் இல்லை பாப்பா. வயசுப் பெண், சிநேகிதிகளோடு எங்காவது போயிருப்பாய், போகத்தான் வேண்டும். இனிமேல் வர மனசில்லை என்றால் "வரலை மாமா" என்றே சொல். டூட்டி என்று தெருவில் நான் சொல்லிக்கொள்கிறேன். பொய் சொல்கிற வேலைக்கு நம் வீட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.