ஜமீன்தாருக்கு ஒரு தொட்டி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் உக்கிரபாண்டிக்குப் பேரில்தான் உக்கிரம். வீட்டுக்குள் நுழையும்போது செருப்போடு சேர்த்து அதையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவார். அன்றைக்கு மட்டும் செருப்புக் காலோடு கூடத்தின் நடுவில் வந்து நின்று, இந்த வீட்டில் மீன் தொட்டி கட்டியே தீருவேன் என்று அறிவித்தார். அலமாரி மேல் வைக்கிற தொட்டி இல்லை. ஆள் இறங்கி நீந்தலாம், அப்பேர்ப்பட்ட தொட்டி. அதில் விடப்போகும் மீன், வளர்ந்தால் பள்ளிக்கூடப் பையன் உயரம் இருக்கும்.

எல்லாம் பக்கத்துக் கடை அபுபக்கரால் வந்த வினை. அவர் கடையில் ஒரு மீன் தொட்டி உண்டு. மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிற ஏலத்தோட்டக்காரர்கள் முதலில் அந்த மீனைப் பார்க்கப் போவார்கள். போனவர்கள் அங்கேயே டீ குடித்து, அங்கேயே ஏலக்காயையும் விற்றுவிட்டுப் போவார்கள். உக்கிரபாண்டி கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டுவார். ஊர் முழுக்கத் தன் வீட்டு மீனைப் பற்றிப் பேசவேண்டும் என்ற வெறி அவருக்கு அப்படித்தான் ஏறியது.

அவர் மனைவி மாயக்காள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"குடிதண்ணி பிடிச்சு வைக்க ஒரு தொட்டி கட்டுங்கன்னு எத்தனை வருசமாக் கேக்குறேன்?"

"ரெண்டு பேருக்கு எதுக்குத்தா தொட்டி? நாலு குடம் பத்தாதா?"

"குழாய்ல தண்ணி வர்ற அன்னைக்கு அந்த நாலு குடத்தையும் நீங்க தூக்கிப் பாருங்க. மீனுக்கு மட்டும் தொட்டி வேணுமாக்கும்."

"மீனு தண்ணிக்குள்ள இருக்குற சாமான். நாம அப்பிடியா?"

மாயக்காள் அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசுகிறவரைக்கும் பயமில்லை, வாயை மூடினால்தான் ஆபத்து என்பது கல்யாணமான முதல் வருஷமே அவர் கற்றிருக்கவேண்டிய பாடம். மனுஷன் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து மீசையை முறுக்கிக்கொண்டார்.

மறுநாளிலிருந்து அவளே முதல் ஆளாக நின்றாள். தொட்டியை முன்வாசலில் வைத்தால் வெயில்படும், சமையல்கட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள் என்றாள். தரையில் வைத்தால் பார்க்க வருகிறவர்கள் குனியவேண்டும், மேடை போட்டு உயரமாகக் கட்டுங்கள் என்றாள். பூனை விழுந்துவிடும், நல்ல மூடி போடுங்கள் என்றாள். தண்ணீர் ஏற்ற மோட்டாரையும் அவளே பார்த்து எடுத்தாள். பெண்டாட்டி திருந்திவிட்டாள் என்று உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கிவிட்டது. அவராகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான், தெருவைப் பார்த்த பக்கம் மட்டும் முழுக்கக் கெட்டிக் கண்ணாடி.

மீன் மதுரையிலிருந்து வந்தது. உடம்பு கறுப்பு, வயிறு வெள்ளை, வால் ரத்தச் சிவப்பு. நீண்ட மீசை வேறு. ஜமீன்தார் என்று பேர் வைத்தார். தேவாரம் ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். வந்தவர்களில் சிலர் மீன் மீசையையும் அவர் மீசையையும் மாறி மாறிப் பார்த்ததை அவர் பெருமையாகவே எடுத்துக்கொண்டார். அபுபக்கரே வந்து, "மாப்ளே, இதுக்கு முன்னாடி எங்க கடை மீனு வெறும் நெத்திலி" என்று சொன்னபோது உக்கிரபாண்டிக்குக் கால் தரையில் பாவவில்லை. தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, தன் கையாலேயே மத்தி மீன் போடுவார். ஜமீன்தார் வாயைத் திறந்தால் ஒரு கிண்ணமே உள்ளே போகும்.

ஒருநாள் ஜமீன்தார் வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மத்தி மிதக்கிறது, மீன் அடியில் படுத்துக்கிடக்கிறது. ஒரு வாரம் இப்படியே போக, உக்கிரபாண்டிக்கும் சோறு இறங்கவில்லை. ஏலக்காயைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தே காய்ந்தது போதுமா போதாதா என்று சொல்லிவிடுகிற மனுஷன், கண்ணாடியில் காதை வைத்துக்கொண்டு அழாத குறையாக நின்றார். ஊரே பார்த்த மீன் செத்துப்போனால் ஊரே துக்கம் கேட்க வருமே.

கடைசியில் அவரே சாமியிடம் வந்தார். சிலமலையில் மாயக்காள் பிறந்த வீட்டுக் கருப்பசாமி துடியான சாமி, கேட்டது கிடைக்கும் என்று அவள் அடிக்கடி சொல்வாள்.

"கெடா வெட்டுறேன்னு வேண்டிக்கிடவா?"

"மீனு உசிருக்கு ஆட்டு உசிரா? கருப்பன் ஒப்புவாரா?"

"அப்ப மொட்டை?"

மாயக்காள் அவர் தலையைப் பார்த்தாள். "எடுக்குறதுக்கு அங்க என்ன இருக்கு?"

"பின்ன என்னதான் செய்றது?"

"இந்த மீனையே நேந்து விட்ருங்க. நேந்து விட்ட கெடா நம்ம வீட்லதானே வளருது? அது பாட்டுக்கு வளரட்டும்."

உக்கிரபாண்டி கணக்குப் போட்டார். கெடாவை நேர்ந்துவிடுவார்கள், சேவலை நேர்ந்துவிடுவார்கள். மீனை நேர்ந்துவிட்டதாக எவனும் கேள்விப்பட்டதில்லை. ஆகவே எந்தச் சாமியும் வந்து கேட்காது. மஞ்சள் துணியில் காசு முடிந்து தொட்டி மூடியில் கட்டினார். மறுநாள் சாயங்காலம் ஜமீன்தார் மத்தியையும் தின்று, அவர் விரலையும் கவ்வப் பார்த்தது. உக்கிரபாண்டி தெருவெல்லாம் சீனி கொடுத்தார்.

சிலமலைத் திருவிழாவில் கருப்பசாமி இறங்குவது ஈஸ்வரன் மேல். ஈஸ்வரன் யாரென்றால் மாயக்காளின் கூடப்பிறந்த தம்பி. கொட்டு உச்சத்துக்குப் போனதும் சாமி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக உக்கிரபாண்டியிடம் வந்து நின்றது.

"எனக்கு நேந்த உசிர எங்கடா பூட்டி வச்சிருக்க?"

மச்சினன் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார். கையில் அரிவாளோடு சாமி கேட்கிறது. மறுநாளே ஜீப்பில் தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் நிரப்பி, ஜமீன்தார் லோடாகச் சிலமலைக்குப் போய்ச் சேர்ந்தார். கோயில் நந்தவனத்தில் சுற்றுச்சுவர் வைத்த கிணறு ஒன்று சும்மாதான் கிடந்தது. மீனை அதில் இறக்கும்போது உக்கிரபாண்டி விசும்பி விசும்பி அழுதார். அந்த அழுகை நிஜம்.

துக்கம் விசாரிக்க வந்த அபுபக்கர்தான் சும்மா இருக்காமல் ஒன்றைச் சொன்னார்.

"நடுவுல ஒரு வாரம் தங்கச்சி தெனமும் மத்தியானம் மீன் மார்க்கெட்ல பை நெறய மத்தி வாங்கிட்டுப் போச்சே மாப்ளே. உனக்குத்தான் கொழம்பு வைக்குதுன்னு நெனச்சேன்."

அந்த வாரம் முழுக்க உக்கிரபாண்டி சாப்பிட்டது ரசம். விருட்டென்று எழுந்து வீட்டுக்கு நடந்தார். போகட்டும், இன்னொரு மீன் வாங்கி அதே தொட்டியில் விட்டு, மத்தியானமும் காவல் இருக்கப்போவதாகச் சபதம் செய்துகொண்டே போனார். துக்கம் ஆறட்டும் என்று மாயக்காள் சொன்னதன்பேரில், போன வாரம்தான் தொட்டியை அவரே உள்ளே இறங்கிப் பளபளவென்று தேய்த்துக் கழுவி வைத்திருந்தார்.

தொட்டியில் தண்ணீர் ததும்பி நின்றது. சமையல்கட்டில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தால், குழாய் வேலை செய்கிற சின்ராசு சுவரில் புத்தம்புதுக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். மாயக்காள் அதன் கீழே அண்டாவை வைத்துவிட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"இந்தச் சுவத்துல எப்படா பைப்பு வச்ச?"

"தொட்டிக்குக் கடக்கால் போட்ட அன்னைக்கே வச்சாச்சுண்ணே. மீனு போனதுக்கப்புறம் வந்து குழாயை மாட்டுன்னு அக்கா அப்பவே சொல்லிருச்சு."

"அப்ப மீனே வரலையேடா."

சின்ராசு ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெரசாக வெளியேறினான். மாயக்காள் குழாயைத் திறந்து, விழுகிற தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஆசையாகப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் இருந்தது நிஜமான பெருமை.

"என்ன இருந்தாலும் கண்ணாடி வைக்கச் சொன்ன மூளை உங்க மூளைதாங்க. தண்ணி எம்புட்டு இருக்குன்னு எட்டிப் பாக்குற சோலியே இல்ல."