செர்ரி மரத்தடியில் அரை மொட்டை

பெங்களூரில் ஓர் இடம் அமைதியாக இருக்கிறது என்றால், அது ஏன் அமைதியாக இருக்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நான் யோசிக்கவில்லை. பாய் விரித்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடியதும் ஆடுகோடிக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். படித்த பிள்ளை என்ற பொறுப்பில் நான் எதையும் படித்துப் பார்க்காமல் செய்ததில்லை. பல் தேய்ப்பது எப்படி என்று எவராவது எழுதியிருந்தால் அதையும் படித்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டிருப்பேன்.

இப்படிப்பட்டவனுக்குப் பெண் பார்த்தார்கள். பவித்ரா. விவேக் நகரில் வீடு, ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. பெரியவர்கள் எல்லோருக்கும் சம்மதம். அவள் மட்டும், "ஒரு தடவ தனியா பேசிட்டு சொல்றேன்" என்று நிறுத்தி வைத்தாள். போனில் எனக்குக் கட்டளை வந்தது.

"மால் வேணாம், காபி கடை வேணாம். எங்கயாவது சத்தமில்லாத எடமா பாருங்க."

உடனே படிக்க ஆரம்பித்தேன். ஜப்பானில் வசந்த காலத்தில் ஆற்றங்கரை செர்ரி மரங்களின் கீழ் பாய் விரித்து உட்காருவார்களாம். கண்ணை மூடி, பூ உதிரும் நிசப்தத்தைக் கேட்பார்களாம். ஆஹா, இதுதான் என்று முடிவு செய்தேன். நம் ஊரில் செர்ரி ஏது? ஆனால் பிப்ரவரி, மார்ச்சில் இலையையெல்லாம் கொட்டிவிட்டு உடம்பு முழுக்கப் பூவாக நிற்கும் பிங்க் மரங்கள் இருக்கின்றன. 'பெங்களூரின் செர்ரி' என்று பேப்பரில்கூட வருஷா வருஷம் போடுவார்கள். மரம் கிடைத்துவிட்டது. ஆறு?

அப்பாவின் பழைய ஸ்கூட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். பூங்காக்களில் ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கல்யாண ஜோடி, ஒரு போட்டோகிராபர், குடை பிடிக்க ஓர் ஆள். ஏரிக்கரைகளில் நடைப்பயிற்சிக் கூட்டம். கடைசியில் ஹொசகோட்டைப் பக்கம் தென்பெண்ணைக் கரையில் கண்டேன்: வரிசையாகப் பிங்க் மரங்கள், தண்ணீர் வரை இறங்கும் கல் படிகள், மனித வாடையே இல்லை. காக்கைகள் மட்டும் ஏராளம். (எதற்கு இத்தனை காக்கை என்று கேட்டிருக்க வேண்டும்.) அங்கங்கே உடைந்த மண்பானைகள் வேறு கிடந்தன. கிராமிய அழகு என்று நினைத்துக்கொண்டேன்.

குறித்த நாளில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் போனேன். பிங்க் பூவுக்கு வெள்ளைதான் எடுப்பாம், அதுவும் படித்ததுதான். பாய், வாழை இலையில் கட்டிய எலுமிச்சைச் சாதம், ஆற்று நாற்றத்துக்கு ஊதுபத்தி, எல்லாம் தயார். பவித்ரா வந்தாள். பூவைப் பார்த்தாள். ஊதுபத்தியைப் பார்த்தாள்.

"வண்டில தண்ணி பாட்டில் விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்" என்று மேட்டுக்குப் போனாள்.

அந்த இடைவெளியில் ஜப்பானியர் சொன்னபடி கண்ணை மூடினேன். பேச வேண்டிய முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். தலையில் ஜில்லென்று தண்ணீர் விழுந்தது.

அடடா, விளையாடுகிறாள்! கண்ணைத் திறக்காமல் சிரித்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர். பிறகு ஒரு கை என் தலையை அழுத்திப் பிடித்தது. இவ்வளவு கரடுமுரடான கையா, அந்த ஆஸ்பத்திரியில் என்னதான் வேலை வாங்குகிறார்கள் என்று பரிதாபப்பட்டேன்.

சரக்.

உச்சியிலிருந்து நெற்றி வரை ஒரு பாட்டை. மடியில் என் முடி, அதன் மேல் ஒரு பிங்க் பூ. துள்ளித் திரும்பினால், சவரக் கத்தியோடு ஒரு பெரியவர்.

"ஆடாதீங்க தம்பி, ரத்தம் வந்துரும். துக்கம்தான், தெரியுது. அப்பாவா, அம்மாவா?"

"ஐயோ, எங்கப்பா வீட்ல இருக்காருங்க!"

"அப்படித்தான் தோணும் தம்பி. மொத பத்து நாள் எல்லாருக்கும் வீட்லயே இருக்கற மாதிரிதான் தோணும்" என்று மறுபடி கத்தியைத் தூக்கினார்.

அதற்குள் மேட்டில் ஒரு டெம்போ வந்து நின்றது. கருமாதிக்கு வந்த உண்மையான குடும்பம் இறங்கியது. முன்னால் வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. கையில் பாய், வாழை இலை, ஊதுபத்தி. என்னைவிட ஒரு மண்பானைதான் அவரிடம் அதிகம்.

பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பூ மரத்தடில வெள்ள சட்டைல இருப்பேன்னுதான போன்ல சொன்னாரு! டிராபிக்ல மாட்டிக்கிட்டா ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

பவித்ரா தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்தாள். துக்க வீட்டார் முன் சிரிக்கக் கூடாதென்று துப்பட்டாவை வாயில் அடைத்திருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"மிச்சத்தையும் அடிச்சுக்கோங்க" என்றாள், மூச்சு வந்ததும். "பாதி மொட்டையோட எப்படிங்க பேசறது?"

அடித்துக்கொண்டேன். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தோம். மனப்பாடம் செய்த வாக்கியம் முடியோடு போயிருந்தது.

"நான் வேணாம்னு சொல்லத்தாங்க வந்தேன்" என்றாள். "பொண்ணு பாக்க வந்தப்ப பரீட்ச எழுதற மாதிரியே பேசுனீங்க. இவரோட காலம் பூரா சிரிக்காம இருக்கணுமேன்னு பயம்."

மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டேன். "இப்ப?"

"இப்ப வேணாம்னு சொன்னா, நான் சொன்னதாலதான் மொட்டை போட்டுக்கிட்டீங்கன்னு ஊரே பேசும்." மறுபடி சிரித்தாள். "எலுமிச்ச சாதத்த பிரிங்க, பசிக்குது."

பூ எங்கள் மேல் உதிர்ந்துகொண்டே இருந்தது. மழித்த தலையில் பூ விழுவது எவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பதை எந்த ஜப்பானியரும் எழுதவில்லை. இப்போதும் பிப்ரவரியில் தெருவில் பிங்க் நிறம் தெரிந்தால் என் உச்சந்தலை குளிர்கிறது.

சாயங்காலம் சந்துக்குள் நுழைந்தேன். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மங்கம்மாக்கா என் தலையைப் பார்த்தார். குடம் உருண்டது.

"அண்ணா போயிட்டியாண்ணா! காலைலகூட பேசுனியேண்ணா!"

தெருவே திரண்டது. யாரோ எங்கள் வீட்டுக்கு முன் நாற்காலி போட்டார்கள். சத்தம் கேட்டு அப்பா டீ டம்ளரோடு வெளியே வந்து, போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "யாரும்மா போனது?" என்று கவலையோடு கேட்டார்.

நிச்சயதார்த்த போட்டோவில் நான் மொட்டைத் தலையோடு நிற்கிறேன். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "அப்பா தவறின நேரமா?" என்பார்கள். பவித்ரா சமையலறைக்குள் ஓடிவிடுவாள். அப்பாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்லுவார்:

"ஆமாங்க. நல்ல பையன். எனக்குச் செய்ய வேண்டியத அட்வான்ஸாவே செஞ்சிட்டான்."