மூக்கு நீக்கத் தீர்மானம்

சும்மா உட்கார்ந்திருப்பதற்காக ஒரு மனிதனை உலகம் கையெடுத்துக் கும்பிட்ட இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, தவம். மற்றொன்று, எங்கள் பேட்டைக் கலைச் சங்கம் நடத்திய ‘அனைவரையும் அரவணைக்கும் உருவ வரைவு அமர்வு’. அரசாங்க அலுவலகத்தை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அங்கேயும் கும்பிடுவார்கள்தான், ஆனால் அது எழுந்திருக்கச் சொல்லி.

அப்படிப்பட்ட மகத்தான அமர்வில் நாற்காலியை அலங்கரிக்கும் பேறு பெற்றவர் பெரிய குமாஸ்தா. குடிநீர் வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே அவருடைய இடம் இரண்டு இரும்பு பீரோக்களுக்குப் பின்னால் இருந்தது. கோப்பு உள்ளே போகும், கையெழுத்தோடு வெளியே வரும். நடுவில் ஒரு மனிதர் இருக்கிறார் என்று தெரியாமலேயே பல அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். பீரோதான் கையெழுத்துப் போடுகிறது என்று நம்பிய ஒரு அதிகாரி, அதன் உழைப்பைப் பாராட்டி அதற்குப் புது பெயிண்ட் அடிக்க உத்தரவிட்டார்.

போட்டோ விஷயத்திலும் அதே ராசி. அலுவலக குரூப் போட்டோவில் நெட்டைக் கணக்கர் ஒருவர் முன்னால் நின்றுவிட்டார். பிரிவு உபசார விழாவில் கேமரா சொடுக்கிய நொடியில் பூங்கொத்து முகத்துக்கு நேரே வந்துவிட்டது. மகள் கல்யாணத்தில் இவர் தும்மினார். மற்றக் குடும்பப் படங்களை எல்லாம் எடுத்தவரே இவர் என்பதால், அவற்றில் ஓரமாக இவருடைய கட்டைவிரல் மட்டும் மங்கலாக இருக்கும்.

“ஏங்க, பேத்தி ஆல்பத்தை வெச்சுக்கிட்டு ‘தாத்தா எங்கே’ன்னு கேட்டா,” என்றாள் வீட்டுக்காரம்மா ஒருநாள்.

“என்ன சொன்னே?”

“கணக்கரு தோளுக்குப் பின்னாடி ஒரு காது தெரியுதே, அதான் தாத்தான்னு சொன்னேன். இப்ப தினம் அந்தக் காதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுத்தான் தூங்குறாளாம்.”

பெரிய குமாஸ்தாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. தன் காலத்துக்குப் பிறகு ஒரு காதைப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள் என்பது கண்ணாடிபோல் தெரிந்தது. யாராவது தன்னை ஒரு தடவையாவது முழுசாகப் பார்க்க வேண்டும், பார்த்தது ஒரு காகிதத்தில் பதிய வேண்டும், அதைப் பேத்தி கையில் கொடுக்க வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

சங்கத்தின் அறிவிப்பு அந்த வாரம்தான் வெளியானது. ‘உயிருள்ள மாடல் தேவை. வயது, நிறம், எடை, முடி, முடியின்மை எதுவும் தடையல்ல.’

“அப்படியே எனக்குன்னே எழுதின மாதிரி இருக்கு,” என்றார்.

“உயிருள்ளன்னு போட்டிருக்காங்களே, அதை எப்படிங்க நிரூபிப்பீங்க?” என்றாள் வீட்டுக்காரம்மா. பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தி, “சட்டை போட்டுக்கிட்டுத்தானே?” என்றாள்.

“மேல் பட்டன் மட்டும் கழட்டணுமாம். கலைக்காக.”

“பனியன் கிழிசலா இருக்கு. கலைக்காக வேற ஒண்ணு போட்டுக்குங்க.”

சங்கக் கூடம் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படிகளின் முடிவில் இருந்தது. மூச்சு வாங்கி மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் ‘அனைவரும் வருக’ என்ற பலகை கண்ணில் படும். ஏற முடியாதவர்கள் அதைக் கீழேயே படித்துவிட்டு மனம் வருந்தக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் அதை மேலே மாட்டியிருந்தார்கள். எவ்வளவு பெரிய மனசு!

சங்கத் தலைவி மேடம் எதற்கும் உடனே கண் கலங்குகிறவர். அவருக்குப் பக்கத்தில், எப்போதும் கையைக் கட்டிக்கொண்டு, நன்றாகப் பயிற்சி பெற்ற இரக்கத்தோடு ஓர் இளைஞர் நிற்பார். அவர் பதவி ‘புண்படாமை ஆலோசகர்’. யாராவது எதற்காவது புண்பட்டுவிட்டார்களா என்று கண்டறிவதும், படவில்லையென்றால் ஏன் படவில்லை என்று விசாரிப்பதும் அவர் பொறுப்பு.

“அசையாம எவ்வளவு நேரம் உட்காருவீங்க சார்?” என்று கேட்டார் தலைவி.

“பென்ஷன் வர்ற வரைக்கும் உட்கார்ந்திருக்கேன் மேடம்.”

தலைவி கண் கலங்கினார்.

முதல் அமர்வு அமோகமாக நடந்தது. கூடம் நிறைய ஆட்கள், பலகைகள், கரித்துண்டுகள். அத்தனை ஜோடிக் கண்களும் அவர் மேல். பெரிய குமாஸ்தாவுக்குக் கூச்சத்தில் உடம்பே சிலிர்த்தது. காதுக்கு இது பழக்கம். மற்ற உறுப்புகளுக்குப் புது அனுபவம். முன்வரிசையில் ஒரு பல் டாக்டர் இருந்தார். தொழில் பழக்கத்தில் பல்லில் ஆரம்பிக்கப் பார்த்தார். மாடல் வாயைத் திறக்காததால் மனமில்லாமல் ஒரு மாடி ஏறி மூக்குக்குப் போனார். போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அந்த மூக்கு காகிதத்தின் ஓரம்வரை போய், இடம் போதாமல் திரும்பி வந்திருந்தது.

முடிந்ததும் படங்களை வரிசையாக வைத்தார்கள். ஆலோசகர் மெல்ல வந்து பெரிய குமாஸ்தாவின் தோளைத் தொட்டார்.

“சார், இதையெல்லாம் பாக்கும்போது உங்களுக்கு எந்த இடத்துல வலிக்குது?”

“வலியா? தம்பி, இங்க பாரு, என் மூக்கு! எங்க அப்பா மூக்கு! அச்சு அசலா இருக்கு!”

ஆலோசகர் தலைவியிடம் திரும்பி, “மூக்கு, மூக்குன்னு கத்திட்டாரு. காயம் ஆழம் மேடம்,” என்றார்.

“இல்லீங்க, நான் சந்தோஷமா...”

“சந்தோஷம்னே நினைச்சுக்கறாரு மேடம். ரொம்ப ஆழம்.”

அன்று மாலையே அவசரக் கூட்டம் கூடியது. படங்கள் மாடலின் நலன் கருதி மாடலின் கண் முன்னாலேயே கிழிக்கப்பட்டன. “அந்த ஒண்ணை மட்டும் குடுங்க மேடம், பேத்திக்கு,” என்று அவர் கெஞ்சியது, ‘குழந்தைக்கும் காயம் பரவும் அபாயம்’ என்று குறித்துக்கொள்ளப்பட்டது. பிறகு தீர்மானம் நிறைவேறியது: ‘மூக்கு, தொப்பை, வழுக்கை, மற்றும் மாடலை இன்னார் என்று காட்டிக்கொடுக்கும் இதர உறுப்புகள் யாவும் அடுத்த அமர்விலிருந்து நீக்கப்படுகின்றன.’

“பல்லு?” என்று கேட்டார் பல் டாக்டர் கவலையாக.

“பல்லும் வேண்டாம் டாக்டர். பல்லு இல்லாதவங்க புண்படுவாங்க.”

“அவங்களை வெச்சுத்தாங்க நான் பொழைக்கிறேன். ஒருத்தர்கூடப் புண்பட்டதில்லையே, ஈறைத் தவிர.”

இரண்டாம் அமர்வில் எல்லாரும் விதிப்படி வரைந்தார்கள். முடிவில் பலகைதோறும் ஒரு முட்டை நின்றது. பல் டாக்டரின் முட்டைக்குள் மட்டும் லேசாக இரண்டு கடைவாய்ப் பற்கள் தெரிந்தன. அவருக்கு அன்பான எச்சரிக்கை வழங்கப்பட்டது.

“பாத்தீங்களா!” என்றார் தலைவி, கண் கலங்கி. “வித்தியாசமே இல்லை! எல்லாரும் சமம்!”

வீட்டில் வீட்டுக்காரம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “என்ன வரைஞ்சாங்க?”

“முட்டை.”

“காதாவது விட்டு வெச்சாங்களா?”

“அதையும் எடுத்துட்டாங்க.”

“சரியாப் போச்சு. புள்ளைக்கு இருந்த ஒரு காதும் போச்சு.”

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு நின்றிருப்பார்கள். பெரிய குமாஸ்தா, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் மேலிடத்து உத்தரவு வராமல் எழுந்திருந்து பழக்கமில்லாதவர். மூன்றாம் அமர்வுக்கும் போனார்.

போனது நல்லதாயிற்று. அன்று புது உறுப்பினர் ஒருவர் சேர்ந்திருந்தார். டெலிபோன் நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர்; பிறவியிலேயே கண் தெரியாது. மாடிப்படியை மற்றவர்களைவிட வேகமாக ஏறி வந்து, பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கரித்துண்டைக் கேட்டு வாங்கினார்.

“சார், எனக்குப் படம் போட ஆசை. ஆனா நீங்க பாத்துப் பாத்துச் சொல்லணும். நீங்க லைன் குடுங்க, நான் கனெக்ஷன் குடுக்கறேன்.”

பல் டாக்டர் இப்படி ஒரு ஆளுக்காகத்தான் காத்திருந்தார். குனிந்து கிசுகிசுத்தார். “நெத்தி அகலம். ஒரு சைக்கிள் நிறுத்தலாம்.”

“நிறுத்தியாச்சு. மேல?”

“மூக்கு இருக்கே, அது அவங்க வாரியத்துக் குழாய்தான். நல்லா வளைஞ்சு, நுனியில எப்பவாவது ஒரு சொட்டு விழும்கிற நம்பிக்கையோட நிக்குது.”

ஆபரேட்டர் குலுங்கிச் சிரித்தார். விரல் நுனியால் காகிதத்தைத் தடவித் தடவி, கரியை அழுத்தி இழுத்தார். எதிரே உட்கார்ந்திருந்த பெரிய குமாஸ்தாவுக்கு எல்லாம் கேட்டது. அசையாமல் இருப்பதையே தொழிலாகக் கொண்டவர், வாழ்க்கையில் முதல் தடவையாக அசைந்துவிட்டார்: சிரிப்பு தாங்கவில்லை. காகிதத்தில் அவர் பாதி முகம் எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்து ஆலோசகரின் நிழல் விழுந்தது.

“ஒருத்தர் பாக்கறாரு. இன்னொருத்தர் பாக்கல,” என்றார் அவர், குரல் நடுங்க. “நம்ம கூடத்துலயே, நம்ம கண்ணு முன்னாடியே, இப்படி ஒரு அநீதியா மேடம்?”

அவசரக் கூட்டம் மறுபடி கூடியது. பாதி முகம் கிழிக்கப்பட்டது. ‘பார்ப்பவர், பாராதவர் என்ற ஏற்றத்தாழ்வை அடியோடு ஒழிக்கும் பொருட்டு, இனி வரைபவர் அனைவரும் கறுப்புத் துணியால் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒருவரைப் பற்றி மற்றவருக்குச் சொல்வது மதிப்பீடு ஆகும் என்பதால் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.’

“ஐயா, ஒரு நிமிஷம்,” என்றார் ஆபரேட்டர். “எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டா எனக்கு யார் பாத்துச் சொல்றது?”

“உங்களுக்காகத்தான் சார் இது அத்தனையும்!” தலைவி விம்மினார்.

“எனக்காகன்னா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?”

“உங்களை மட்டும் கேட்டா உங்களைத் தனியாப் பிரிச்ச மாதிரி ஆயிடாதா?”

ஆபரேட்டர் கரித்துண்டைக் கீழே வைத்தார். பிறகு, “ராங் நம்பர்,” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நான்காம் அமர்வின் பெருமையைச் சொல்ல ஒரு வாய் போதாது. சங்கத்தின் சமத்துவப் புகழ் எங்கெங்கோ பரவி, பெரிய அதிகாரி ஒருவர் கேடயத்தோடு வந்திருந்தார். அவர் கண்ணையும் கட்டினார்கள். எல்லார் கண்ணும் கட்டப்பட்டது. கடைசியில் ஆலோசகர், “மாடல் மட்டும் பாத்துக்கிட்டிருந்தா அது அதிகாரம் இல்லையா?” என்று கேட்டு, பெரிய குமாஸ்தாவின் கண்ணையும் கட்டிவிட்டு, பிறகு தன் கண்ணையும் நேர்மையாகக் கட்டிக்கொண்டார். 

கூடம் முழுக்கக் கரி உரசும் சத்தம். பாதிப் பேர் பக்கத்துப் பலகையில் வரைந்தார்கள். ஒரு பெண்மணி அதிகாரியின் வெள்ளைச் சட்டை முதுகில் ஓர் அருமையான முட்டையைத் தீட்டிக்கொண்டிருந்தார். தன் காகிதம் ஏன் மூச்சு விடுகிறது என்று அவர் யோசித்ததாகப் பிறகு சொன்னார்.

பெரிய குமாஸ்தா நாற்காலியில் இருந்தார். மறுபடியும் பீரோவுக்குப் பின்னால். துணிக்குள் கண் லேசாக நனைந்தது. அப்போது காதருகே ஒரு குரல்.

“ஹலோ. லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“கட்டை அவுத்துட்டு எழுந்து வாங்க சார். பல் டாக்டரையும் கூப்பிட்டாச்சு. தைரியமா வாங்க, இங்க யாருக்கும் யாரும் தெரியாது.”

“உத்தரவு இல்லாம எப்படி...”

“நான் ஆபரேட்டர். கனெக்ஷனை நான் கட் பண்ணிட்டேன். வாங்க.”

மூவரும் காகிதமும் கரியுமாகப் படியிறங்கிக் கீழே டீக்கடையில் உட்கார்ந்தார்கள். பல் டாக்டர் பார்த்துப் பார்த்துச் சொன்னார். ஆபரேட்டர், “தொட்டுப் பாக்கலாமா சார்?” என்று கேட்டார். பெரிய குமாஸ்தா கேள்வி கேட்கப்பட்ட ஆச்சரியத்திலேயே தலையை நீட்டினார். கடைக்காரர் கூட அடுப்பை விட்டுவிட்டு வந்து, “தாடை இன்னும் கொஞ்சம் தொங்கும்,” என்று திருத்தம் சொன்னார். நெற்றி வந்தது, வழுக்கை வந்தது, குழாய்மூக்கு வந்தது. கடைவாய்ப் பல் உட்பட எல்லாம் வந்தது, டாக்டரின் வேண்டுகோளுக்கு இணங்க வாயைத் திறந்தபடி.

மேலே அமர்வு குறித்த நேரம்வரை நடந்தது. அதிகாரி கண்ணைக் கட்டிக்கொண்டே நாற்காலியை நோக்கி உருக்கமாகப் பேசி, கேடயத்தை அதன் மேல் வைத்தார். ‘மாடல் இறுதிவரை இம்மியும் அசையாமல் ஒத்துழைத்தார்’ என்று அறிக்கையில் எழுதினார்கள்.

படம் இப்போது பெரிய குமாஸ்தா வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. கண்ணாடி போடவில்லை, பேத்தி விடவில்லை. வரும்போதெல்லாம் நாற்காலியில் ஏறி மூக்குக்கு முத்தம் கொடுத்துவிட்டு, உதட்டில் கரியோடு ஓடுகிறாள்.

போன வாரம் தலைவி மேடம் நேரில் வந்தார், மாடலுக்குச் சான்றிதழ் கொடுக்க. தனிப்பெயர் போட்டால் மற்றவர்கள் புண்படுவார்கள் என்பதால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அனைவரும்’ என்று அச்சடித்திருந்தது. கதவைத் திறந்த பெரிய குமாஸ்தாவின் கையில் குடையைக் கொடுத்துவிட்டு, அவரைத் தாண்டி உள்ளே வந்து, “மாடல் சார் இல்லீங்களா?” என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அவர் பார்வை சுவருக்குப் போனது. திடுக்கிட்டார்.

“யாருங்க இது? இவ்வளவு பெரிய மூக்கோட? பாவம், யாரோ வேணும்னே புண்படுத்தியிருக்காங்க.”

வீட்டுக்காரம்மா குடையோடு நின்ற கணவரைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள்.

“இவரா? ஊர்ல உள்ள அத்தனை பேரையும் நீங்க சேத்துக்கிட்டீங்களே மேடம், அதுல விட்டுப்போன ஒரே ஆளு.”

தலைவியின் கண்கள் குளமாயின.

“ஐயையோ, அப்படி ஒருத்தரா? நாங்க யாரையும் விடறதே இல்லையேம்மா! நாளைக்கே அனுப்பி வைங்க. எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டுக் காத்திருக்கோம்.”