நான் களையெடுத்த கோதுமை

கவலைப்படும் சுபாவம் உள்ளவர்கள் பொய் சொல்லக்கூடாது. சொன்னால் அந்தப் பொய்க்குத் தண்ணீர் பாய்ச்சி, களையெடுத்து, காவலும் இருக்க வேண்டிவரும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

என் மகனுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. (எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்கு மேல் பெண் கிடைப்பது, சித்திரையில் கிணற்றில் தண்ணீர் கிடைப்பது மாதிரி.) பதினொரு ஜாதகம் தட்டிப்போய், பன்னிரண்டாவது பொருந்தி வந்தது. பெண்ணின் அப்பா திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர். வடக்கே ஊர் ஊராகப் போய் போர் போட்டவர். கார்த்திகையில் போனில் பேசும்போது, "நம்ம புள்ளைக்கு ராத்திரிக்குச் சப்பாத்திதானுங்க" என்றார்.

"அதுக்கென்னங்க, நம்ம காட்டுலயே கோதுமை போட்டிருக்கமுங்க" என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் காட்டில் அன்று நின்றது காய்ந்த சோளத்தட்டு மட்டும்தான்.

"அப்படிங்களா? மார்கழி போகட்டுமுங்க. தையில ஊடும் காடும் பார்க்க வாரோம். அந்தக் கோதுமையையும் பார்த்துப்போடலாம்."

மறுநாளே செவ்வாய்ப்பேட்டைக்கு ஓடி, மொத்தக் கடையில் முழுக்கோதுமை வாங்கி வந்து நான்கு பாத்தியில் விதைத்தேன். அது குளிரில் வளரும் பயிர் என்று படித்திருந்தேன். அந்த மார்கழியில் நான் நடுங்கும்போதெல்லாம் பயிருக்காகச் சந்தோஷப்பட்டேன். தண்ணீரும் தாராளமாக விட்டேன்.

"ஏனுங்க, நெல்லாட்டம் தண்ணி கட்டறீங்களே, அழுகிப்போயிராதா?" என்றாள் என் மனைவி. அதன் பிறகு அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

பயிர் முளைத்தது. கூடவே களையும் முளைத்தது. கோதுமை ஒரு புல் வகை என்பது எனக்குத் தெரியும். பாத்தி முழுக்கப் புல்லாகவே நிற்கும்போது அதில் எது கோதுமை என்பதுதான் தெரியவில்லை. ஆள் விட்டால் பயிரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து நானே இறங்கினேன். சோளமும் மக்காச்சோளமும் பார்த்துப் பழகிய கண். தானியப் பயிர் என்றால் இலை அகலமாக, தண்டு தடியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒல்லியானதையெல்லாம் பிடுங்கி வரப்பில் வீசினேன். எண்ணிக்கொண்டேதான் பிடுங்கினேன். எண்ணூறைத் தாண்டியதும் இடுப்பு பிடித்துக்கொண்டது.

தையில் அவர்கள் வந்தபோது பாத்தியில் பயிர் முழங்கால் உயரத்துக்குக் கருகருவென்று நின்றது. பெண்ணின் அப்பா நேரே அதற்குள் இறங்கினார்.

"ஏனுங்க, கோதுமை எந்தப் பக்கமுங்க?"

அவர் காலடியைக் காட்டினேன். "நீங்க நிக்கறதுதானுங்க."

அவர் குனிந்து ஒரு தாளை விலக்கிப் பார்த்தார். "இது மாட்டுப்புல்லுங்க" என்றார். பிறகு வரப்போரமாக நடந்தார். நான் வீசியதில் மூன்று செடிகள் வாய்க்கால் ஈரத்தில் வேர்விட்டுப் பிழைத்திருந்தன. "இதுதானுங்க கோதுமை. எலையடியில ரெண்டு காது தண்டைக் கட்டிப் புடிச்சிருக்குது பாருங்க. பக்கத்துல புதுத் தண்டு விட்டுத் தூர் கூட வெடிச்சிருக்குது. இதைப் போயி யாருங்க புடுங்கிப் போட்டது?"

களையெடுக்க வந்த ஆட்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் மகன் முந்திக்கொண்டான்.

"எங்கப்பாதானுங்க. வெதச்சதே உங்ககிட்டப் போன்ல பேசுனதுக்கு அப்புறந்தானுங்க."

போயிற்று. பதின்மூன்றாவது ஜாதகத்துக்கு யாரிடம் சொல்லி வைப்பது என்று நின்ற இடத்திலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் கைமண்ணைத் தட்டினார். "பையனுக்குப் பொய் வராது. மாமனாருக்குக் களையெடுக்க வராது. ரெண்டுனாலயும் நம்ம புள்ளைக்குத் தொந்தரவில்லீங்க. வாங்க சம்பந்தி, காப்பி ஆறிப்போயிரும்."

சம்பந்தி என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

அந்தப் பயிர் முழுவதையும் கட்டுக் கட்டாக அறுத்து மாட்டுக்குத்தான் போட்டோம். அதற்கப்புறம் பாத்திப் பக்கம் நான் குனிந்தால் வீட்டில் யாராவது ஓடி வருவார்கள். மருமகள் தினமும் ராத்திரி சப்பாத்தி சுடுகிறாள். நான் எண்ணிச் சாப்பிடுகிறவன், மூன்றோடு நிறுத்திக்கொள்வேன். அவள் தோசைத்திருப்பியுடன் வந்து நின்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்பாள்:

"மாமா, இன்னும் ரெண்டு கட்டு அறுத்துப் போடட்டுங்களா?"